நம்மூர் முந்திரி கம்பெனிக்கு கொட்டை அனுப்பும் தான்சானியா: காலை 7 மணி அங்கே 1 மணி! வியப்பூட்டும் தகவல்கள்

குறிஞ்சிப்பாடி,

கடலூர் மாவட்டத்தில் முந்திரி சீசன் மார்ச் மாதம் தொடங்கி 3, 4 மாதத்தில் முடிந்து விடும். அதன் பிறகும் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் கொட்டை உடைக்கும் வேலை நடக்கிறதே, எப்படி? ஆப்பிரிக்காவில் இருந்து கப்பலில் வரும் கொட்டைதான் காரணம். அதில் கிழக்கு ஆப்பிரிக்க நாடான தான்சானியாவுக்கு முக்கிய பங்கு உண்டு. அங்கு அறுவடை அக்டோபரில் தொடங்குகிறது.

வியாபாரத்துக்கோ, சுற்றிப் பார்க்கவோ அங்கே போறவங்க தெரிந்து கொள்ள வேண்டிய தகவல்கள் வருமாறு:-

2 நாடு, ஒரே பெயர்

தாங்கனிக்கா, சான்சிபார் என்ற 2 நாடுகள் 1964-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந்தேதி இணைந்தன. இரண்டின் பெயரையும் சேர்த்து உருவானதுதான் தான்சானியா. பெரிய நகரம் தார் எஸ் சலாம் என்றாலும் தலைநகரம் டொடோமா.

மணி கேட்டால் உஷார்

சுவாஹிலி மொழியில் சூரியன் உதிப்பதில் இருந்துதான் மணியை எண்ணுவார்கள். நமக்கு காலை 7 மணி என்றால் அவர்களுக்கு 1 மணி. "பஸ் 2 மணிக்கு" என்று யாராவது சொன்னால் அது காலை 8 மணியாக இருக்கலாம். எந்த கணக்கில் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கிட்டு கிளம்புவது நல்லது. நம் நேரத்தை விட அந்த நாடு இரண்டரை மணி நேரம் பின்தங்கி உள்ளது.

சப்பாத்தி, சாய்

அங்கேயும் சப்பாத்திக்கு சப்பாத்தி என்றுதான் பெயர். டீக்கு சாய். முந்திரியை கொரோஷோ என்கிறார்கள். பண்ருட்டிக்கு பெயர் வாங்கித் தந்த பலாப்பழம் சான்சிபாரிலும் விளைகிறது. அங்கு அதன் பெயர் ஃபெனெசி. ஜெர்மனி ஆட்சிக்காலத்தில் அங்கு புழங்கிய பணத்தின் பெயர் ரூபியே!

வெயில் நாட்டில் பனிமலை

ஆப்பிரிக்காவின் உயரமான மலையான கிளிமஞ்சாரோ (5 ஆயிரத்து 895 மீட்டர்) இங்குதான் உள்ளது. பூமத்திய ரேகைக்கு பக்கத்தில் இருந்தும் உச்சியில் பனி இருக்கிறது.

பிளாஸ்டிக் பைக்கு தடை

2019-ம் ஆண்டு ஜூன் 1-ந்தேதி முதல் அங்கு பிளாஸ்டிக் கேரி பைக்கு தடை. சுற்றுலா பயணிகளுக்கும் இது பொருந்தும். துணிப்பை எடுத்துச் செல்வதே நல்லது.

சென்னை ஐ.ஐ.டி.

சென்னை ஐ.ஐ.டி.யின் முதல் வெளிநாட்டு வளாகம் 2023-ம் ஆண்டு சான்சிபாரில் தொடங்கப்பட்டது. இதன் தலைவராக பொறுப்பேற்ற பிரீத்தி அகாலயம்தான் ஐ.ஐ.டி. ஒன்றுக்கு தலைமை ஏற்ற முதல் பெண்.

கொட்டை வாங்க ராணுவம்

தெற்கே முட்வாரா, லிண்டி பகுதிகளில்தான் முந்திரி அதிகம். விவசாயிகள் கூட்டுறவு சங்கம் மூலம் ஏலத்தில் விற்கிறார்கள். 2018-ம் ஆண்டு வியாபாரிகள் கேட்ட விலை குறைவு என்று கூறி, அப்போதைய அதிபர் மகுபுலி ராணுவத்தை இறக்கி கிலோ 3 ஆயிரத்து 300 ஷில்லிங்குக்கு அரசே கொள்முதல் செய்ய உத்தரவிட்டார்.

கொட்டையை அப்படியே விற்காமல், உள்நாட்டிலேயே உடைத்து பருப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும் என்பது அந்நாட்டு அரசின் நீண்டநாள் திட்டம். அவங்க ஊர் பெண்களுக்கு அதில் வேலை கிடைக்கும். ஆனால் 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி தானே புயலில் மரங்களை பறிகொடுத்த நம் மாவட்டத்தில், வெளிநாட்டு கொட்டை வரத்து நின்றால் சீசன் இல்லாத மாதங்களில் உடைக்கும் பெண்களின் கூலிக்கு சிக்கல்தான் என்பது குறிப்பிடத்தக்கது.