சேமநிதியும் கடன் பத்திரமும்

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களும், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளர்களும் செல்வந்தர்கள் அல்லர். ஆயினும், இந்நாட்டு அரசாங்கத்திற்குக் கடன் கொடுத்தோரின் வரிசையில் அவர்களுக்கும் இடமுண்டு. இது வியப்பன்று; வரலாறு.

முற்காலத்தில் கடன் வேண்டுவோர் பலர் கோலாலம்பூர் அம்பாங் வீதியிலிருந்த செட்டியார் கிட்டங்கிகளை நாடினர். நாடு முழுமைக்கும் வட்டியை நெறிப்படுத்தும் மத்திய வங்கி அன்று இல்லை. 1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1959 ஜனவரி 26இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தோன்றியது.

திங்கள்தோறும் தொழிலாளியும் முதலாளியும் செலுத்திய சந்தா சேமநிதியில் சேர்ந்தது. சாலைக்கும் பள்ளிக்கும் பணம் தேவைப்பட்ட அரசாங்கம் கடன் பத்திரங்களை வெளியிட்டது. நெடுங்காலம் அவற்றை மிகுதியாக வாங்கியது சேமநிதியே. பத்திரத்தின் வட்டி, இலாப ஈவாகத் தொழிலாளியின் கணக்கிற்குத் திரும்பியது. 1952இல் 2.5 விழுக்காடாக இருந்த அந்த ஈவு, 1983 முதல் 1987 வரை 8.5 விழுக்காடாக விளங்கியது.

1997இல் ஆசிய நிதி நெருக்கடி மூண்டது. ரிங்கிட்டின் மதிப்பு சரிந்தது. 1998இல் மத்திய வங்கியின் வட்டி 11 விழுக்காட்டை எட்டியது. கடன்பட்டோர் தத்தளித்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. வங்கிகள் மத்திய வங்கியில் கட்டாயமாக வைக்க வேண்டிய இருப்பு 13.5 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அவ்வாறு விடுபட்ட பணத்தைக் கொண்டு வங்கிகள் டானாமோடால் நிறுவனத்தின் பத்திரங்களை வாங்கின. அந்நிறுவனம் நலிந்த வங்கிகளுக்கு மூலதனம் அளித்தது. 1999இல் வட்டி 5.5 விழுக்காட்டிற்கு இறங்கியது. தொழில்கள் மீண்டும் தளிர்த்தன.

ஆனால், இதற்கு மறுபக்கமும் உண்டு. பழைய பத்திரங்கள் முதிர்ந்தபின் புதியவற்றில் இட்ட பணத்திற்குக் குறைந்த வட்டியே கிடைத்தது. பங்குச் சந்தையும் தளர்ந்திருந்தது. 1999இல் 6.84 விழுக்காடாக இருந்த சேமநிதி ஈவு, 2002இல் 4.25 விழுக்காடாயிற்று.

வட்டி இறங்குவது நன்றா, தீதா? வீட்டுக்கடன் கட்டும் மகனுக்கு அது ஆறுதல். சேமநிதியை நம்பியிருக்கும் தந்தைக்கோ அது வருவாய்க் குறைவு. இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழக்கூடும். மத்திய வங்கியின் ஒவ்வொரு முடிவும் இவ்விருவரையும் ஒருங்கே தொடுகிறது. உழைத்த கைகளின் சேமிப்பு நாட்டின் மூலதனமாயிற்று என்பதை மாணவர் உணர்ந்தால், பொருளாதாரம் தமக்குத் தொலைவிலுள்ள துறையன்று என்பதையும் உணர்வர்.