குகைக் கல்வெட்டுகளும் சமணர் தொன்மையும்: மகாதேவன் ஆய்வு சேர்த்தது என்ன?

தமிழகக் குன்றுகளில் சமண முனிவர் உறைந்த கற்படுக்கைகளும், அவற்றின் அருகே வெட்டப்பட்ட பிராமி எழுத்துகளும் தமிழ்ச் சமணரின் தொன்மைக்கு முதன்மையான சான்றுகளாம். மதுரையை அடுத்த மாங்குளத்துக் கல்வெட்டை இராபர்ட் சீவெல் 1882இல் கண்டறிந்தார். எழுத்துகள் கிடைத்தன, பொருள் விளங்கவில்லை. இலங்கைக் குகைக் கல்வெட்டுகளை ஒத்திருந்தமையால், இவற்றைப் பௌத்தருடையன எனக் கருதியோரும் உளர்.

1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், ழ, ள, ற, ன ஆகிய சிறப்பெழுத்துகள் பயில்வதைச் சுட்டி, இவற்றின் மொழி தமிழே என நிறுவினார். இஃது அடித்தளம். ஆயினும், இவற்றில் வரும் அரசர் யாவர், கொடை பெற்றோர் யாவர் என்பன முழுமையாகத் தெளிவுறவில்லை.

இவ்விடத்தில்தான் ஐராவதம் மகாதேவனின் பணி தொடங்குகிறது. 1960களில் தொடங்கிய அவரது ஆய்வு, மீண்டும் மேற்கொண்ட களப்பணிகளால் செழுமையுற்று, 2003இல் பெருநூலாக வெளிவந்தது. அவர் சேர்த்தவை மூன்று.

முதலாவது, எழுத்துமுறை. தொடக்ககாலத் தமிழ் பிராமியில் அகரத்தைக் காட்டவும் மெய்யுடன் ஒரு சிறுகோடு இடப்பட்டது. வடபுல முறைப்படி படித்தால் 'மகன்' என்பது 'மாகான' என ஒலிக்கும். இவ்வெழுத்துமுறையின் வளர்ச்சியை அவர் படிப்படியாக வகுத்துக் காட்டினார்.

இரண்டாவது, வரலாறு. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரையும், புகழூரில் மூன்று தலைமுறைச் சேரர் பெயர்களையும் தெளிவாகப் படித்தார். அச்சேரரைப் பதிற்றுப்பத்து மன்னரோடு பொருத்தினார்.

மூன்றாவது, சமயம். மாங்குளத்தில் கொடை பெற்ற நந்த ஆசிரியனின் பெயர்முன் வரும் 'கணி' என்பது சமணத் துறவோர் கணத்தின் தலைவரைக் குறிக்கும் பட்டம் என விளக்கினார். புகழூரில் உறைவிடம் பெற்ற செங்காயபனை அக்கல்வெட்டே அமணன் என்கிறது. சித்தன்னவாசல் கல்வெட்டிலுள்ள எருமிநாடு மைசூர்ப் பகுதியைச் சுட்டுவதால், கருநாடகத் தொடர்பும் புலனாகிறது.

முன்னோர் ஆய்வை மறுத்தொதுக்காமல், அதன்மேல் நின்று எழுத்தையும் வரலாற்றையும் சமயத்தையும் ஒருங்கிணைத்ததே இவ்வாய்வின் பெருமை. அரசரும் வணிகரும் சமண முனிவர்க்கு அளித்த கொடைகள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் மொழியில் பொறிக்கப்பட்டன என்பது இதனால் உறுதியாயிற்று. தமிழ்ச் சமணரை அண்மையில் வந்து குடியேறியோர் எனக் கருதுவார்க்கு இக்கற்களே விடை.

அக்கற்கள் இன்று கல்லுடைப்பாலும், பெயர் கிறுக்குவோராலும் சிதைவுறுகின்றன. திருத்தல யாத்திரை செல்லும் குடும்பங்கள் மாங்குளம், புகழூர், சித்தன்னவாசல் ஆகிய இடங்களுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல் வேண்டும். சிதைவு காணின் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தல் ஒவ்வொருவரின் கடமை.