ஆங்கில வினையோடு சேரும் சிறுசொற்கள்: மாத்தளை மாவட்டப் பேச்சு வழக்கை முன்வைத்து

அன்றாட ஆங்கிலத்தில் வினைச்சொல் தனியே நின்று பொருளை முடிப்பது குறைவு. ஏவல் வாக்கியம் தவிர்ந்த இடங்களில் அதற்கு முன்னால் எழுவாயாக ஒரு பெயரோ பிரதிப்பெயரோ வந்தே தீர வேண்டும். பின்னால் அப், ஓஃப், அவுட், டவுன் போன்ற வினையடைக் குறுஞ்சொல் ஒன்று சேர்ந்து வினையின் பொருளையே மாற்றிவிடும். கிவ் என்றால் கொடு; கிவ் அப் என்றால் கைவிடு. 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜோன்சன், பிறமொழியாளரை மிகவும் இடர்ப்படுத்துவது இந்தச் சேர்க்கை என்று குறித்தார். இச்சேர்க்கைக்கு 'ஃபிரேசல் வேர்ப்' என்ற பெயரை 1925இல் தம் நூல்வழிப் பரப்பியவர் லோகன் பியர்சால் ஸ்மித். அந்தப் பெயரைத் தமக்குத் தந்தவர் ஒக்ஸ்போர்ட் அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவர் எழுதினார். ஜோன்சன் சொன்ன இடர்ப்பாடு உண்மையானது. ஆனால் தமிழும் சிங்களமும் பேசுவோருக்கு அது அந்த அளவுக்குப் பெரிதாக வேண்டியதில்லை. குறுஞ்சொல்லின் வேலையை இவ்விரு மொழிகளும் வேறொரு வடிவில் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன. மாத்தளை மாவட்டத்துப் பேச்சிலேயே அதற்குச் சான்று உண்டு.

இம்மாவட்டத்தில் சிங்களவரே பெரும்பான்மையினர். றத்தோட்டை, எல்கடுவைப் பக்கத் தோட்டங்களில் மலையகத் தமிழ் வழங்குகிறது. முஸ்லிம்கள் பலரின் வீட்டுமொழியும் தமிழே. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக வைத்தது. இலங்கையின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் விளக்கை அணைக்கத் தமிழர் 'லைட்ட ஓஃப் பண்ணு' என்கிறார்கள். சிங்களவர் 'லைட் எக்க ஓஃப் கரன்ன' என்கிறார்கள். ஆங்கில மூலம் 'சுவிட்ச் ஓஃப்'. அதில் வினை சுவிட்ச், ஒட்டி வருவது ஓஃப். கடன் வாங்கும்போது இரு மொழிகளும் வினையைக் கழித்துவிட்டு, ஒட்டி வந்த குறுஞ்சொல்லை வைத்துக்கொண்டு, பண்ணு, கரனவா என்று தத்தம் வினையைப் பூட்டின. பொருளின் கனம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்பதை எந்த இலக்கணப் பாடமும் இல்லாமல் மக்களின் காது சரியாகப் பிடித்துவிட்டது. 'ஓன் பண்ணு' என்பதும் அப்படியே.

கடன்சொல்லைக் கடந்தும் இந்த ஒப்புமை செல்கிறது. 'ஈட் இட் அப்' என்பதில் அப் உயரத்தைக் காட்டவில்லை. மிச்சம் வைக்காமல் முடி என்கிறது. தமிழில் அதே வேலையைச் 'சாப்பிட்டுவிடு' என்பதிலுள்ள விடு செய்கிறது. தோட்டப் பேச்சில் அது 'சாப்புட்டுரு' என்று ஒடுங்கும். சிங்களத்தில் 'காலா தான்ன'. அங்கே தானவா என்ற 'போடு' வினை துணைவினையாகிறது. 'ரைட் டவுன்' என்பதற்கு எழுதிக்கொள், 'புட் அவே' என்பதற்கு எடுத்துவை, 'த்ரோ அவே' என்பதற்குத் தூக்கிப்போடு. ஆங்கிலம் திசைச்சொல்லிடம் ஒப்படைத்த வேலையைத் தமிழும் சிங்களமும் துணைவினையிடம் ஒப்படைத்தன. ஆகவே அப் என்றால் மேலே, டவுன் என்றால் கீழே என்று பட்டியல் மனப்பாடம் செய்விப்பது தவறான தொடக்கம். துணைவினையிலிருந்து தொடங்கினால் மாணவர் தமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்தே புறப்படுகிறார்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். விடு என்பதற்கு ஓரிடத்தில் அப் வரும், இன்னோரிடத்தில் அவுட் வரும். ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் இல்லை என்பது முதலாவது. அது சரியே. ஒவ்வொரு சேர்க்கையையும் தனித்தனியே கற்கத்தான் வேண்டும். ஆனால் தனிச்சொற்களைக் கற்கும் உழைப்பு வேறு, அமைப்பே அந்நியமாகத் தெரியும் திகைப்பு வேறு. ஒப்புமை நீக்குவது பின்னதை. இரண்டாவது மறுப்பு, இந்த வழியே 'ஓஃப் த லைட்' என்ற தவறான ஆங்கிலத்துக்கு இட்டுச்செல்லும் என்பது. இலங்கை ஆங்கிலத்தில் அந்த வழக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அப்படிச் சொல்பவர் குறுஞ்சொல்லின் பொருளை அறிந்தவர்; அதைத் தாங்கும் வினையைத்தான் விட்டுவிட்டார். குறை எங்கே என்று தெரிவதால் அதைத் திருத்துவது எளிது.

உண்மையான கடினம் பிரதிப்பெயரில்தான் இருக்கிறது. 'சுவிட்ச் ஓஃப் த லைட்', 'சுவிட்ச் த லைட் ஓஃப்' இரண்டும் செல்லும். லைட் என்ற பெயருக்குப் பதில் இட் வந்துவிட்டால் 'சுவிட்ச் இட் ஓஃப்' ஒன்றே செல்லும்; 'சுவிட்ச் ஓஃப் இட்' செல்லாது. காரணம் அழுத்தம். ஆங்கில வாக்கியத்தில் அழுத்தம் கடைசிப் பக்கம் விழுகிறது. புதுச் செய்தி அங்கே நிற்க விரும்புகிறது. இட், ஹிம், தெம் போன்றவை முன்பே தெரிந்த பொருளைச் சுட்டும் மெலிந்த சொற்கள். அவை வினையை ஒட்டிக்கொண்டு கடைசி இடத்தை ஓஃபுக்கு விடுகின்றன. ஆனால் 'லுக் அட் இட்', 'வெயிட் ஃபோர் ஹிம்' என்பவற்றில் பிரதிப்பெயர் பின்னால்தான் வரும். அட், ஃபோர் ஆகியவை அங்கே வினையடை அல்ல. தமிழில் ஐ, கு உருபுகள் செய்யும் வேலையைச் செய்யும் முன்னிடைச்சொற்கள். உருபு பெயரைவிட்டுப் பிரியாதது போல இத்தகைய வாக்கியங்களில் அவையும் பிரியா. குறுஞ்சொல் வினைக்கு உரியதா, பெயருக்கு உரியதா என்பதைக் கண்டுபிடிக்க, செயப்படுபொருள் வரும் வாக்கியங்களில் இட் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே போதும். பாடநூல்கள் இந்தச் சோதனையை முதலிலேயே சொல்லிக்கொடுப்பது நல்லது.

தொடக்கத்தில் குறித்த எழுவாய்ப் பிரதிப்பெயர் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. 'வந்தேன்' என்பதிலேயே நான் அடங்கியிருப்பதால் தமிழ் பிரதிப்பெயரை விடலாம். ஆங்கில வினைக்கு விகுதி தேய்ந்துவிட்டதால் ஐ, ஷி என்று சொல்லியாக வேண்டும் என்பார்கள். பாதி உண்மைதான். மாத்தளைக் கடைத்தெருச் சிங்களமே அதை முழு உண்மையாக விடாது. பேச்சுச் சிங்களத்தில் 'ஆவா' என்பது வந்தேன், வந்தான், வந்தார்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. எழுத்து வழக்கில் இருக்கும் விகுதி வேறுபாடு பேச்சில் இல்லை. இருந்தும் சிங்களம் பேசுவோர் பிரதிப்பெயரைத் தாராளமாக விடுகிறார்கள். யார் என்பதைச் சூழல் சொல்லிவிடுகிறது. ஆங்கிலம் எழுவாயின் இடத்தை வெறுமையாக விட மறுக்கும் மொழி. மழை பெய்கிறது என்பதற்கு எதையும் சுட்டாத ஓர் இட் சேர்த்து 'இட் இஸ் ரெய்னிங்' என்பதும் அதனால்தான். சிங்களமும் தெரிந்த தமிழ் மாணவருக்கு விகுதியைக் காட்டுவதைவிட இந்த வாக்கியத்தைக் காட்டினால் விதி விரைவில் பிடிபடும்.