வழிநடை உணவும் அதன் நிறையும்

நெடுவழி செல்வார்க்கு உணவு வேண்டும். அவ்வுணவைத் தாமே சுமக்கவும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுவன. உணவு மிகின் சுமை மிகும். சுமை மிகின் நடை தளரும். நடை தளரின் நாள் கூடும். நாள் கூடின் மேலும் உணவு வேண்டப்படும். இம்முரணை மனிதர் எங்ஙனம் தீர்க்க முயன்றனர், அம்முயற்சியில் எங்கே வென்றனர், எங்கே உயிரிழந்தனர் என்பவற்றைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழிப்பசியின் கொடுமையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். திருப்பைஞ்ஞீலிக்குச் சென்ற திருநாவுக்கரசு சுவாமிகள் பசியாலும் நீர்வேட்கையாலும் இளைத்தபோது இறைவன் அந்தணர் வடிவிற் பொதிசோற்றுடன் வழியிற் காத்திருந்தார் என்றும், திருக்குருகாவூர் வழியிற் சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கும் தண்ணீரும் பொதிசோறும் அளித்தார் என்றும் பெரியபுராணம் கூறும். ஆயினும், பொதிசோறு குறுவழிக்கே உரியது. சோற்றின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீரே. புளியும் எண்ணெயும் கூட்டிப் பிசைந்தாலும் அது பல நாள் நில்லாது. பல நாட் பயணத்துக்கு ஏற்றவை அவலும் பொரிமாவும் போல்வனவே. அவை முன்னரே தீயிற் பக்குவப்பட்டவை. நீர் அகன்றமையால் நிறை குறைந்தவை. உண்ணும்போது சிறிது நீரும் சர்க்கரையும் சேர்த்தாற் போதும். திபெத்தியர் வறுத்த வாற்கோதுமை மாவையே வழியுணவாகக் கொண்டனர். தென்னமெரிக்காவின் அந்தீசு மலைவாணர் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் மிதித்து நீரைப் பிழிந்து, உலர்த்திச் சேமித்தனர். நாடுகள் வேறாயினும் அவர்கள் கண்ட விதி ஒன்றே: வழியுணவினின்றும் முதலில் நீரை நீக்குக என்பதாம்.

இரண்டாவது விதி கொழுப்பைப் பற்றியது. ஒரு கிராம் மாச்சத்தோ புரதமோ ஏறத்தாழ 4 கலோரி வெப்பம் தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். எனவே ஒரே நிறையுள்ள உணவுகளுள் கொழுப்பு மிக்கதே வழிச்செல்வானுக்கு மிகுந்த வலிமை அளிப்பது. இக்கணக்கு எழுத்தில் அமைவதற்கு நெடுங்காலம் முன்னரே வட அமெரிக்கச் சமவெளிகளில் வாழ்ந்த குடிகள் இவ்விரு விதிகளையும் ஓர் உணவில் இணைத்துவிட்டனர். அதுவே பெமிக்கன் என்பது. கிறீ மொழியிற் கொழுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். காட்டெருமையின் இறைச்சியை மெல்லிய கீலங்களாக அரிந்து, வெயிலிலோ தீயருகிலோ உலர்த்தி, இடித்துப் பொடியாக்கி, உருக்கிய கொழுப்பைச் சம அளவாகக் கலந்து, தோற்பையில் இட்டுத் தைத்துவிடுவர். சில வேளை காட்டுப்பழங்களும் சேர்ப்பர். இங்ஙனம் கட்டிய ஒரு பை ஏறத்தாழ 90 இறாத்தல் நிறையுடையது. அது ஆண்டுக்கணக்கிற் கெடாதிருந்தது.

ஐரோப்பியத் தோல்வணிகர் இவ்வுணவின் அருமையை விரைவில் உணர்ந்தனர். 1793ஆம் ஆண்டு அலெக்சாந்தர் மக்கென்சி மேற்கே பசிபிக் கடலை நோக்கிச் சென்றபோது, மீளும் வழிக்காக 90 இறாத்தற் பெமிக்கனை நிலத்திற் குழிதோண்டிப் புதைத்து, இடம் தெரியாதிருக்க அதன்மேல் நெருப்பு மூட்டிச் சென்றார். பின்னர் இவ்வுணவு பொருட்டுப் பூசலும் விளைந்தது. செவ்வாற்றுக் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மக்டொனெல் 1814ஆம் ஆண்டு சனவரியிற் பெமிக்கனை வெளியே கொண்டு செல்லலாகாதெனக் கட்டளையிட்டார். தோல்வணிகரின் படகோட்டிகளுக்கு உயிர்நாடியாயிருந்த உணவு அது. பகை முற்றி, 1816ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் 'ஏழு ஓக்குகள்' என்னுமிடத்தில் நிகழ்ந்த சண்டையில் அவர்க்குப் பின்வந்த ஆளுநர் செம்பிளும் அவரோடிருந்த 20 பேரும் மாண்டனர். சுமக்க எளிதான ஓர் உணவு அரசியற் பொருளாகவும் மாறியமைக்கு இதுவே சான்று.

சமவெளியில் தோன்றிய பெமிக்கன் பின்னர்த் துருவப் பயணிகளின் தகரப்பெட்டிகளிற் புகுந்து பூமியின் தென்கோடிவரை சென்றது. 1911ஆம் ஆண்டு ஆங்கிலேயராகிய ஸ்கொற்றும் நோர்வேயராகிய அமுண்ட்செனும் தென்துருவம் நோக்கித் தனித்தனியே புறப்பட்டனர். இருவரும் கொண்டு சென்ற முதன்மை உணவு பெமிக்கனும் பிஸ்கற்றுமே. ஆயினும், முடிவு ஒன்றாயிருக்கவில்லை.

ஸ்கொற் உணவின் நிறையிற் கருத்தின்றி இருந்தாரெனக் கூறுதல் பிழையாகும். 1911ஆம் ஆண்டு சூன் மாதம் வில்சன், பவேர்ஸ், செரி-கராட் என்னும் மூவர் குளிர்கால இருளிற் குரோசியர் முனைக்குச் சென்று ஓகத்து முதலாம் நாள் மீண்டனர். அப்பயணத்தில் ஒருவர் கொழுப்பையும், ஒருவர் பெமிக்கனையும், ஒருவர் பிஸ்கற்றையும் மிகுதியாக உண்டு, எவ்வளவு எதனைக் கொள்வது நன்றெனத் தம் உடலிலேயே சோதித்தனர். அதன் பயனாக மேட்டுநிலப் பயணத்துக்கு ஒருவர்க்கு ஒருநாளுணவு வகுக்கப்பட்டது: பிஸ்கற்று 16 அவுன்சு, பெமிக்கன் 12 அவுன்சு, சர்க்கரை 3 அவுன்சு, வெண்ணெய் 2 அவுன்சு; இவற்றோடு சிறிது கொக்கோவும் தேயிலையும். மொத்தம் ஒரு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. தரும் வெப்பம் ஏறத்தாழ 4,500 கலோரி. அக்கால அறிவுக்கு எட்டியவரை இது மிகக் கவனமாக அமைத்த உணவேயாகும்.

எனினும், சறுக்குவண்டியைத் தாமே இழுத்துச் செல்பவர்க்கு இது போதவில்லை. 1992–93இல் பைன்ஸ், ஸ்ரௌட் என்னும் இருவர் அந்தாட்டிக்காவிற் சறுக்குவண்டி இழுத்துச் சென்றபோது, மருத்துவராகிய ஸ்ரௌட் உடல் செலவிடும் ஆற்றலை அளந்தார். நாளொன்றுக்கு 5,000 கலோரிக்கு மேல் உண்டும் இருவரும் 20 கிலோகிராமுக்கு மேல் மெலிந்தனர். அங்ஙனமாயின், அதனினும் குறைந்த உணவோடு சென்ற ஸ்கொற் குழுவினர் நாள்தோறும் தம் உடலையே உண்டு நடந்தனர் எனலாம். மேலும், உணவுப் பொதிகள் நால்வர்க்கென அமைந்திருக்க, இறுதி வேளையிற் குழு ஐவராயிற்று.

நீர் நீங்கிய உணவு நீரைக் கடனாகப் பெற்ற உணவு என்பதையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். பனிக்கண்டத்தில் அக்கடனைத் தீர்க்கப் பனிக்கட்டியை உருக்கவேண்டும். உருக்க மண்ணெண்ணெய் வேண்டும். ஸ்கொற்றின் களஞ்சியங்களில் வைக்கப்பட்ட எண்ணெய்த் தகரங்களின் மூடிகளிலிருந்த தோல்வளையங்கள் நெகிழ்ந்து எண்ணெய் குறைந்துபோயிற்று. எண்ணெய் குறைய, வெந்நீரும் சூடான உணவும் குறைந்தன. அமுண்ட்சென் தம் தகரங்களைப் பற்றாசு வைத்து இறுக மூடியிருந்தார்.

அமுண்ட்செனின் வேறுபாடு இம்மட்டில் நில்லாது. 1903 முதல் 1905 வரை வடகனடாவின் நெற்சிலிக் இனுயிற்று மக்களிடையே தங்கி நாய்வண்டியோட்டவும் குளிரில் வாழவும் கற்றவர் அவர். அவருடைய பெமிக்கனில் ஓற்சும் காய்கறியும் கலந்திருந்தன. குளிர்காலம் முழுவதும் அவர் குழுவினர் கடல்நாயின் புதிய இறைச்சியை உண்டனர். 80, 81, 82 பாகைகளிற் களஞ்சியங்கள் அமைத்து, வழி தவறினும் காணுமாறு குறுக்கே கொடிகளை நட்டனர். சுமையை நாய்கள் இழுத்தன. சுமை குறையுந்தோறும் நாய்களுட் சில கொல்லப்பட்டு ஏனைய நாய்களுக்கும் மனிதர்க்கும் உணவாயின. 52 நாய்களுள் மீண்டவை 11 மட்டுமே. இக்கொடுமையை நம் நெஞ்சம் ஏற்காது. ஆயினும் வரலாற்றை உள்ளவாறே கூறல் வேண்டும். 1911 திசம்பர் 14இல் துருவமடைந்த அக்குழுவினர் ஐவரும் நலமே மீண்டனர்.

ஸ்கொற் 1912 சனவரி 17இல் துருவமடைந்தார். மீளும் வழியில் எட்கர் எவன்சும் பின்னர் ஓற்சும் மாண்டனர். எஞ்சிய மூவரும் 'ஒரு தொன்' களஞ்சியத்துக்கு 11 மைல் தொலைவிற் கூடாரத்துள் உயிர்நீத்தனர். நாட்குறிப்பின் இறுதிப் பதிவு மார்ச்சு 29இல் எழுதப்பட்டது. அக்களஞ்சியம் 80ஆம் பாகையில் அமைக்கக் கருதப்பட்டது. மட்டக்குதிரைகள் தளர்ந்தமையால் அதற்கு ஏறத்தாழ 30 மைல் வடக்கே அமைக்கப்பட்டது. ஆய்வுக்கென எடுத்த 35 இறாத்தற் கற்களை மட்டும் அவர்கள் இறுதிவரை கைவிடவில்லை. குளிர், காலநிலை, பசி, எண்ணெய்க் குறை ஆகிய பலவும் கூடியே அம்முடிவை விளைத்தன. ஒன்றையே காரணமெனல் பொருந்தாது.

அவர்கட்கு முன்னர்த் திரும்பிய துணைக்குழுவின் தலைவர் லெப்டினன்ட் எவன்ஸ் வழியில் ஸ்கேவி நோயால் நடக்கவியலாது வீழ்ந்தார். பெப்ரவரி 18ஆம் நாள் தொம் கிறீன் என்பவர் மூன்று பிஸ்கற்றும் இரண்டு துண்டு சொக்கிளேற்றும் மட்டும் கொண்டு ஏறத்தாழ 35 மைல் தனியே நடந்து உதவி கொணர்ந்து அவரைக் காத்தார். அந்நோய்க்குக் காரணம் விற்றமின் சி இன்மை. எலுமிச்சையும் தோடம்பழமும் அதனைத் தீர்க்குமென 1747இலேயே லிண்ட் என்னும் மருத்துவர் கப்பலிற் சோதித்துக் கண்டிருந்தும், பழுதுற்ற இறைச்சியின் நஞ்சே காரணமெனப் பலர் 1911இலும் நம்பினர். 'விற்றமின்' என்னும் சொல்லே 1912இற்றான் தோன்றியது. உலர்த்தியும் காய்ச்சியும் நிறை குறைத்த உணவிலிருந்து நீர் மட்டும் நீங்கவில்லை. எந்த நிறைகோலும் காட்டாத ஒரு சத்தும் நீங்கியது.

நிறைகோல் காட்டாத வேறொன்றும் உண்டு, அதுவே பசியார்வம். மிக உயர்ந்த மலையில் உணவில் வெறுப்புண்டாகும். 1953 மே 28 இரவு, எவரெஸ்ற்றின் உச்சிக்குக் கீழே ஏறத்தாழ 27,900 அடி உயரத்தில் தங்கிய ஹில்லரியும் தென்சிங்கும் பிஸ்கற்றின்மேல் சாடின் மீனும், பேரீச்சம்பழமும், தேனும், தகரத்திலடைத்த அப்பிரிக்கொற் பழமும் உண்டனர். சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாற்றை நிரம்பப் பருகினர். அவ்வுயரத்துக்குத் தகரமும் பழச்சாறும் சுமத்தல் நிறைக்கணக்கிற் பிழையே. ஆனால், உண்ண முடியாத இலேசான உணவினும் உண்ணத்தக்க பாரமான உணவே மேலானது. மறுநாள் அவர்கள் உச்சியை அடைந்தனர்.

இன்று உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்திய உணவுகள் கடைகளிற் கிடைக்கின்றன. அந்தீசு மலைவாணர் பனியிலும் வெயிலிலும் செய்ததையே அவை பொறியாற் செய்கின்றன. எனினும் பழைய வினாக்கள் மாறவில்லை. இவ்வுணவுக்கு வேண்டும் நீர் வழியில் உண்டா? அதனைச் சூடாக்க எரிபொருள் போதுமா? களைத்தவேளை இதனை உண்ண மனம் வருமா? திட்டமிட்ட நாளுக்கு மேல் ஒருநாள் தங்க நேரின் என் செய்வது? சிவனொளிபாதமலைக்கோ பிற மலைகளுக்கோ பொதி கட்டும் மாணவர் இவ்வினாக்களைத் தமக்குள் எழுப்புதல் நன்று. பொதியின் நிறையைக் குறைத்தல் அறிவுடைமையே. குறைத்தபோது எதனை இழந்தோம் என எண்ணிப் பார்த்தல் அதனினும் பெரிய அறிவுடைமையாகும்.