பீங்கான் கத்தியும் மணவாளக்குறிச்சி மணலும்

மழைக்கு முன் சாணை பிடிப்பவர் நம் தெருவுக்கு வந்தபோது, மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கத்தியை நீட்டினேன். "சார், இது இரும்பு இல்லை, பீங்கான். என் சக்கரத்துல வெச்சா தெறிச்சிடும்" என்றார். நான் விடவில்லை. முனை சில்லாகத் தெறித்தது. கூலி கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். பிறகுதான் தேடிப் படித்தேன்.

அந்தக் கத்தி சிர்க்கோனியா என்ற பொருளால் ஆனது. 1789இல் அதைக் கண்டறிந்தவர் ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ராத். அவர் சோதித்தது இலங்கையிலிருந்து போன சிர்க்கான் கல். நிறமில்லாத சிர்க்கானை அந்நாளில் 'மாத்தறை வைரம்' என்றே விற்றார்கள்.

அதே சிர்க்கான் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இருக்கிறது. அப்பகுதி திருவிதாங்கூரில் இருந்த 1909இல், ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அந்த மணலில் கண்டது மோனசைட்டை. காஸ் விளக்கு மாண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் கிடைக்கும். (நம் வீட்டுக் கல்யாணங்களில் எரிந்த பெட்ரோமாக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.) சிர்க்கானை அன்று யாரும் பெரிதாக மதிக்கவில்லை. இன்று அங்குள்ள மத்திய அரசின் மணல் ஆலை இல்மனைட், கார்னெட்டோடு சிர்க்கானையும் பிரித்தெடுக்கிறது.

கண்டுபிடித்தும் கத்தியாக ஏறக்குறைய இருநூறு வருடம் ஆனதற்குக் காரணம் உண்டு. சூளையில் சுட்ட சுத்தமான சிர்க்கோனியா ஆறும்போது உள்ளமைப்பு மாறிப் பருத்து, தானே விரிசல் விடும். வேறு ஆக்சைடு சிறிது கலந்தால் நிற்கும். 1975இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மூவர் இப்படி உறுதியாக்கியதை 'நேச்சர்' இதழில் எழுதி, இது பீங்கான் எஃகா என்று தலைப்பிலேயே கேட்டார்கள். 1984இல் ஜப்பானின் கியோசெரா நிறுவனம் சமையல் கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எஃகை விடக் கடினம். ஆனால் வளையாது, உடையும். துருப்பிடிக்காது, மாங்காய் நறுக்கினாலும் கறுக்காது. மழுங்கினால் வைரத்தூள் பதித்த சக்கரம்தான் வேண்டும், அதுவும் பழகிய கை. எலும்பு, தேங்காய், பலாக்கொட்டை கூடாது. கிரானைட் மேடையில் வைத்து நறுக்கக் கூடாது, பலகை வேண்டும். சிங்க்கில் மற்ற பாத்திரங்களோடு போடாதீர்கள். இரும்புக் கத்திக்கோ பீங்கானே சாணை: கோப்பையைக் கவிழ்த்து, அடியிலுள்ள சொரசொரப்பான வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தால் போதும்.

மழை விட்டதும் சாணைக்காரர் மறுபடி நாடுகாணிப் பக்கம் வருவார். அன்று கொடுக்காத கூலியைக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். நான் வீட்டில் இல்லாவிட்டால், அவரைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து எனக்குப் போன் செய்யுங்கள்.