டிக்சி டீன்

வில்லியம் ரால்ஃப் “டிக்சி” டீன் (22 ஜனவரி 1907 – 1 மார்ச் 1980) இங்கிலாந்தைச் சேர்ந்த தொழில்முறைக் கால்பந்து வீரர். 1925 முதல் 1938 வரை எவர்டன் கழகத்தின் நடு முன்கள வீரராக ஆடி 399 லீக் ஆட்டங்களில் 349 கோல் அடித்தார். 1927–28 பருவத்தில் அவர் ஒருவரே அடித்த 60 லீக் கோல்கள் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை. தலையால் பந்தை முட்டிக் கோலாக்குவதில் அவர் காலத்தில் அவருக்கு நிகரானவர் இல்லை.

இளமை

லிவர்பூல் நகருக்கு எதிரே, மெர்சி ஆற்றின் மறுகரையில் உள்ள பிர்க்கன்ஹெட்டில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையுடன் எவர்டன் ஆட்டம் பார்க்கப் போய், அந்த அணியின் மீது பற்றுக் கொண்டார். பள்ளியை விட்டதும் ரயில்வேயில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். பகலில் பந்து ஆட வேண்டும் என்பதற்காகவே இரவு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். 1924இல், 16 வயதில், உள்ளூர் அணியான டிரான்மியர் ரோவர்சுக்காக மூன்றாம் டிவிஷனில் களமிறங்கினார். அங்கு 30 லீக் ஆட்டங்களில் 27 கோல் அடித்த இளைஞரைப் பல பெரிய கழகங்கள் தேடி வந்தன. அவர் மனம் எவர்டனில்தான் இருந்தது. 1925 மார்ச்சில் 3,000 பவுனுக்கு அந்தக் கழகம் அவரை வாங்கியது.

விபத்தும் மீட்சியும்

எவர்டனில் முதல் முழுப் பருவத்திலேயே 32 லீக் கோல் அடித்தார். 1926 கோடையில் வடக்கு வேல்சில் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருடைய மண்டை ஓடும் தாடையும் உடைந்தன. இனி அவர் ஆடவே முடியாது என்று மருத்துவர்கள் அஞ்சினர். சில மாதங்களிலேயே களத்துக்குத் திரும்பிய டீன், அந்தப் பருவத்தில் 21 லீக் கோல் அடித்தார். உடைந்த தலையில் இரும்புத் தகடு வைத்துத் தைத்திருப்பதால்தான் இப்படி முட்டுகிறார் என்று ரசிகர்களிடையே ஒரு கட்டுக்கதையும் உலவியது.

60 கோல் பருவம்

டீனின் சாதனைக்கு விளையாட்டு விதியில் வந்த ஒரு மாற்றம் வழி திறந்தது. அதுவரை, முன்னால் தள்ளப்படும் பந்தை வாங்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவராவது இருந்தால்தான் ஆஃப்சைடு ஆகாது. 1925 கோடையில் இருவர் போதும் என்று விதி தளர்ந்தது. முதல் டிவிஷனில் 1924–25இல் மொத்தம் 1,192 ஆக இருந்த கோல்கள், அடுத்த பருவத்தில் 1,703 ஆகப் பெருகின. 1926–27இல் மிடில்ஸ்பரோ வீரர் ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் டிவிஷனில் 59 கோல் அடித்தார்.

அந்த எண்ணிக்கையை மறு ஆண்டே டீன் நெருங்கினார். கடைசி இரண்டு ஆட்டங்கள் மீதமிருந்தபோது அவர் கணக்கில் 53 கோல்கள். பர்ன்லியில் நான்கு அடித்தார். கேம்செலை முந்த இன்னும் மூன்று தேவை. 1928 மே 5 அன்று எவர்டனின் அரங்கமான குடிசன் பார்க்கில் ஆர்சனலுடன் கடைசி ஆட்டம். எவர்டன் ஏற்கெனவே லீக் பட்டத்தை உறுதி செய்திருந்ததால், அரங்கமே டீனுக்காகத்தான் திரண்டிருந்தது. தொடக்கத்திலேயே அவர் இரண்டு கோல் அடித்தார். அதில் ஒன்று பெனால்டி. அதன்பின் நெடுநேரம் கோல் விழவில்லை. முடிய ஒருசில நிமிடங்களே இருந்தபோது, இடதுபுற முனையில் ஆடிய ஸ்காட்லாந்து வீரர் அலெக் டிரூப் கார்னரிலிருந்து பந்தைத் தூக்கி அனுப்ப, டீன் எழும்பி முட்டினார். அறுபதாவது கோல். ஆட்டம் 3–3 எனச் சமனில் முடிந்தது.

அந்தப் பருவத்தின் 42 ஆட்டங்களில் எவர்டன் அடித்தது 102 கோல். அவற்றில் 60 டீனுடையவை. மூன்று ஆட்டங்களில் அவர் ஆடவேயில்லை.

ஆட்ட முறை

ஆறடிக்குச் சற்றுக் குறைவான உயரமே கொண்டவர் டீன். பந்து எங்கே இறங்கும் என்பதை முன்கூட்டியே கணித்து, காவலர்களுக்கு ஒரு கணம் முன்பாக எழும்புவதுதான் அவருடைய பலம். நனைந்தால் கனத்துப்போகும் அந்தக் காலத் தோல் பந்தை, கோலின் மூலைக்குக் குறிபார்த்துத் தலையால் திருப்பினார். கூட்டாளிக்குப் பக்குவமாகத் தட்டிவிடவும் தெரிந்தவர். டிரூப் போன்றோர் ஓரத்திலிருந்து அளந்து அனுப்பிய பந்துகள் இல்லாமல் இந்தத் திறமை இவ்வளவு பலன் தந்திருக்காது.

இறக்கமும் ஏற்றமும்

1930இல் எவர்டன் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. டீன் கழகத்தை விட்டுப் போகவில்லை. 1931இல் இரண்டாம் டிவிஷன் பட்டம், 1932இல் முதல் டிவிஷன் பட்டம், 1933இல் எஃப்.ஏ. கோப்பை என அடுத்தடுத்த மூன்று பருவங்களில் எவர்டன் வென்றது. 1931–32இல் மட்டும் அவர் 45 லீக் கோல் அடித்தார். வெம்பிளியில் நடந்த 1933 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் எவர்டன் மான்செஸ்டர் சிட்டியை 3–0 என வென்றது. அணித்தலைவர் டீன் ஒரு கோல் போட்டார். எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வீரர்கள் எண் பொறித்த சட்டை அணிந்தது அதுவே முதல் முறை. டீனின் முதுகில் 9 இருந்தது. பின்னாளில் எவர்டனின் நடு முன்கள வீரர்கள் பெருமையோடு சுமந்த எண் அது.

நாட்டு அணியில்

1927இல் இங்கிலாந்துக்காக முதன்முதலில் ஆடினார். வேல்சுக்கு எதிராக 2, கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்துக்கு எதிராக 2, பெல்ஜியம், லக்சம்பர்க் அணிகளுக்கு எதிராகத் தலா 3, பிரான்சுக்கு எதிராக 2 என முதல் ஐந்து ஆட்டங்களிலேயே 12 கோல். ஆயினும் 1932க்குப் பின் அவருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. மொத்தம் 16 ஆட்டங்கள், 18 கோல்.

பிற்காலம்

1936இல் ஸ்டீவ் புளூமரின் 352 லீக் கோல் சாதனையைக் கடந்தார். அதற்குள் காயங்கள் உடலைத் தளர்த்தியிருந்தன. அவருடைய இடத்துக்கு டாமி லாட்டன் என்ற இளைஞரும் வந்து சேர்ந்தார். தமக்குப் போட்டியாக வந்த லாட்டனுக்குத் தலையால் முட்டும் நுணுக்கங்களை டீனே கற்றுக்கொடுத்தார். 1938இல் நாட்ஸ் கவுன்டிக்கு மாறி, 1939இல் அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்சுக்காக ஆடி, அந்த அணி அயர்லாந்துக் கோப்பையின் இறுதியாட்டத்தை எட்ட உதவினார். ஓய்வுக்குப் பின் செஸ்டரில் மதுவிடுதி நடத்தினார். 1976இல் அவருடைய வலது கால் அகற்றப்பட்டது. 1980 மார்ச் 1 அன்று, குடிசன் பார்க்கில் எவர்டன்–லிவர்பூல் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தபோது மாரடைப்பால் காலமானார். 2001இல் அவருக்கு அங்கே சிலை வைக்கப்பட்டது.

மதிப்பீடு

விதி மாற்றத்தின் பலன் டீனுக்கு மட்டும் கிடைத்ததல்ல. அதே ஆண்டுகளில் ஆடிய எல்லா முன்கள வீரர்களுக்கும் கிடைத்தது. அப்படியிருந்தும், உயர்மட்ட லீக்கில் அவருக்கு மிக அருகே வந்தவர் 1930–31இல் 49 கோல் அடித்த ஆஸ்டன் வில்லாவின் பாங்கோ வாரிங்தான். காவல் அமைப்புகள் இறுகிய பிறகு இடைவெளி மேலும் விரிந்தது: 1960–61இல் ஜிம்மி கிரீவ்சுக்கு 41, 2022–23இல் எர்லிங் ஹாலண்டுக்கு 36. இவர்கள் தத்தம் காலத்தின் தலைசிறந்த கோல் வேட்டைக்காரர்கள். டீனின் 60 எவ்வளவு பெரியது என்பதை அளக்க இந்த எண்களே போதும்.