நான்கு கைகளும் நவசெவ்வியலும்: ரவிவர்மாவின் இலக்குமி

பிரெஞ்சு நவசெவ்வியல் ஓவியர்கள் கிரேக்கத் தொன்மங்களைத் தீட்டியபோது, அத்தெய்வங்களுக்கான வழிபாடு ஐரோப்பாவில் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ஆங்க்ர் 1811இல் வரைந்த ‘ஜுபிடரும் தீட்டிஸும்’ ஓவியத்தில், தன் மகன் அக்கிலீஸுக்காகக் கடல்தேவி தீட்டிஸ் தேவர்கோனின் முகவாயைத் தொட்டு இறைஞ்சுகிறாள். காட்சி இலியட் காப்பியத்தினது. ஜுபிடர் கருவறைத் திருமேனிபோல் நேரெதிர் நோக்கி வீற்றிருக்கிறார். ஆயினும் அவர்முன் விளக்கேற்றுவார் இலர். தெய்வம் அங்கே கலைப்பொருளாகவும் காப்பியப் பாத்திரமாகவும் மட்டுமே எஞ்சியது.

1648இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு அரச ஓவியக் கழகம், வரலாறும் தொன்மமும் சார்ந்த ஓவியத்தையே தலையாயதாகக் கொண்டது. அம்மரபு ஐரோப்பியக் கலைப்பள்ளிகளெங்கும் பரவியது. ராஜா ரவிவர்மா (1848–1906) ஐரோப்பா சென்றதில்லை. திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் வரைவதைக் கண்டும், மேலை ஓவியங்களின் அச்சுப்படிகளைப் பயின்றும் அவர் தைலவண்ண முறையைக் கைக்கொண்டார். கதையின் உச்சக்கணம் ஒன்றைத் தேர்ந்து, அதை மெய்ப்பாடுகளால் உணர்த்தும் உத்தி அவரிடமும் காணப்படுகிறது. எட்டாம் குழந்தையை ஆற்றில் விட முனையும் கங்கையைச் சந்தனு தடுக்கும் ஓவியம் இதற்குச் சான்று.

எனினும் இலக்குமியை வரைகையில் அவர் வேறொரு சிக்கலை எதிர்கொண்டார். கிரேக்கத் தெய்வங்களுக்கு மனித உடலே போதுமானது. ஆகவே உடற்கூற்று இலக்கணமும் தெய்வ வடிவமும் அங்கு முரண்படவில்லை. இலக்குமிக்கோ நான்கு கைகள் வேண்டும். ரவிவர்மா தோலின் நிறத்தையும் சேலையின் மடிப்பையும் ஐரோப்பிய முறையில் தீட்டினார்; கைகளின் எண்ணிக்கையையும் தாமரைப் பீடத்தையும் ஆகம மரபிலிருந்து விலக்கவில்லை. வழிபடுவோர் உயிருடன் இருந்தமையே இதற்குக் காரணம் எனக் கொள்ளலாம்.

1894இல் மும்பையில் அவர் தொடங்கிய அச்சகம் இவ்வடிவங்களை மலிவான வண்ணப்படங்களாக்கியது. கோயிலுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டோரின் வீடுகளுக்கும் தெய்வத் திருவுரு சென்று சேர வழி பிறந்தது. படங்களுக்குப் பொட்டும் பூவும் இடப்பட்டன.

ஆனந்த குமாரசாமி ரவிவர்மாவின் ஓவியங்களில் நாடகத்தன்மை மிகுந்துள்ளதாகக் குறை கண்டார். ராசீனின் நாடகம் புகழ்பெறச் செய்த கதையையே கெரேன் 1802இல் ‘ஃபேத்ரும் இப்போலித்தும்’ எனத் தீட்டினார் என்பதை நோக்கின், அத்தன்மை இவ்வோவிய மரபுக்கே உரியது என்பது புலப்படும். ஆகவே ரவிவர்மாவை ஐரோப்பியப் போலி என்று ஒதுக்குவது ஆய்வை முடித்துவிடாது. மறைந்த சமயத்தின் தெய்வங்களுக்கென வளர்ந்த முறையை அவர் வாழும் சமயத்தின் தெய்வங்களுக்கு ஆக்கினார். அந்த இடமாற்றமே விளக்கம் வேண்டி நிற்பது.